நல்ல கண் சொல்லும் பொய்

பள்ளி வராந்தாவின் ஒரு முனையில் எழுத்து அட்டை தொங்குகிறது. 20 அடி தள்ளித் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கோட்டில் வந்து நின்று, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வலது கண்ணால் கடைசி வரி வரை படித்துவிட்டான். இடது கண்ணின் முறை வந்ததும் தலை லேசாகத் திரும்புகிறது, விரல்களுக்கு நடுவே ஒரு நூலிழை இடைவெளி விழுகிறது. எழுத்துகள்தான் இப்போதே மனப்பாடமாகிவிட்டனவே, கடகடவென்று ஒப்பித்துவிடுகிறான். ஆசிரியை ‘நார்மல்’ என்று டிக் போட, அடுத்த பையன் கோட்டுக்கு வருகிறான்.

அந்தச் சிறுவன் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எழுத்து தெரியவில்லை, எப்படித் தெரியுமோ அப்படிப் பார்த்தான், அவ்வளவுதான். இடது கண்ணில் உலகம் மங்கல் என்பது அவனுக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கிறது.

சில வருடங்கள் கழித்து, கண்ணில் விழுந்த தூசிக்காகவோ தலைவலிக்காகவோ மருத்துவமனைக்குப் போகும்போது உண்மை வெளியே வருகிறது. சீட்டில் வலது கண்ணுக்கு ப்ளஸ் 0.50, இடது கண்ணுக்கு ப்ளஸ் 4.50. “கிளாஸ்ல நல்லாத்தானே படிக்கிறான், டிவி எல்லாம் தூரத்துலேருந்துதானே பார்க்கிறான்?” என்று அம்மா கேட்கிறார். தமிழ்நாட்டின் எந்தக் கண் மருத்துவமனையிலும் குழந்தைகள் பிரிவில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி காதில் விழும். கேள்வியில் தவறே இல்லை. நல்லாத்தான் படித்தான். எல்லாவற்றையும் படித்தது வலது கண்.

இரண்டு கண்ணும் மங்கலான குழந்தை சீக்கிரம் பிடிபட்டுவிடும். கரும்பலகை தெரியாது, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகும், யாராவது கவனிப்பார்கள். ஒரு கண் மட்டும் மங்கலான குழந்தையோ எதிலும் தடுமாறுவதில்லை. பந்து பிடிக்கும், சைக்கிள் ஓட்டும், முதல் மதிப்பெண்கூட வாங்கும். அதனால்தான், சிறு பிள்ளையின் கண்ணைச் சோதிக்கும்போது ‘எவ்வளவு தெரிகிறது’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இரண்டிலும் ஒரே மாதிரி தெரிகிறதா’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் பள்ளிப் படிப்பு தொடங்குவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

எந்தக் கண் முந்துகிறது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. கண்கள் இரண்டும் எல்லோருக்கும் சமமாக வேலை செய்வதில்லை. கையில் வலக்கை, இடக்கை இருப்பதுபோலக் கண்ணிலும் ஒன்று முந்திக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘டாமினன்ட் ஐ’ என்கிறார்கள். தமிழில் ஆதிக்கக் கண் எனலாம்.

கண்டுபிடிக்கக் கட்டைவிரல் போதும். இரண்டு கண்ணையும் திறந்தபடி கையை நீட்டி, தொலைவில் உள்ள விளக்குக் கம்பத்தைக் கட்டைவிரலால் மறைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், ஒரு கண்ணுக்கு விரல் கம்பத்தின் மேலேயே நிற்கும், இன்னொன்றுக்குச் சட்டென்று பக்கவாட்டில் தாவும். விரலை நகரவிடாத கண்தான் ஆதிக்கக் கண். விரலுக்குப் பதிலாக ஒரு கோலை வைத்து இதே சோதனையை இத்தாலியரான ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்ட்டா 1593இல் வெளியிட்ட ஒளிவிலகல் பற்றிய நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு வலது கண்ணே முந்துகிறது. வலக்கைக்காரர்கள் பத்துக்கு ஒன்பது பேர் என்பதோடு ஒப்பிட்டால், கையும் கண்ணும் ஒரே கட்சியில் இல்லை என்பது தெரியும்.

இந்த ஆதிக்கம் அவ்வளவு உறுதியானதும் அல்ல. கனடா ஆய்வாளர்களான கானும் கிராஃபோர்டும் 2001இல் காட்டியபடி, பார்வையை வலப்பக்கம் கொண்டுபோனால் வலது கண்ணும் இடப்பக்கம் கொண்டுபோனால் இடது கண்ணும் தலைமை ஏற்கின்றன. கைகளைப் போல வலது கண் முழுக்க இடது மூளைக்குப் போவதும் இல்லை. ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளும் பாதிப் பாதியாகப் பிரிந்து மூளையின் இரு பக்கங்களுக்கும் செல்கின்றன. ‘இடது கண் ஆதிக்கம் என்றால் கலைமூளை’ என்று விற்கப்படும் பயிற்சி வகுப்புகளுக்கு அடிப்படை கிடையாது.

கிரிக்கெட் பயிற்சியாளர்களிடமும் இந்த மோகம் உண்டு. பந்து வீச்சாளரை நோக்கி நிற்கும் கண் ஆதிக்கக் கண்ணாக இருக்க வேண்டும் என்பார்கள். தொழில்முறை மட்டையாளர்களையும் அனுபவம் குறைந்தவர்களையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மட்டையை எந்தக் கை மேலே பிடிக்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம் என்றது. ஆதிக்கக் கண் எந்தப் பக்கம் இருந்தது என்பது அந்த முடிவை மாற்றவில்லை.

துப்பாக்கியால் குறிபார்க்கவும், கேமராவில் கண் வைக்கவும், புரை அறுவைக்கு முன் லென்ஸைத் தேர்ந்தெடுக்கவும் ஆதிக்கக் கண்ணைத் தெரிந்துகொள்வது உதவும். மற்றபடி அது இயல்பான ஒரு குணம், நோய் கிடையாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணின் பவருக்கும் இடையே (பவரின் அலகு டயாப்டர்) 1 டயாப்டரோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் மருத்துவர்கள் அதை அனைசோமெட்ரோபியா என்பார்கள். அப்போது ஒரு கண் முந்துவதோடு நிற்பதில்லை, இன்னொன்றை மெல்ல மெல்லப் படுக்கவே வைத்துவிடுகிறது.

பட்டோடி கழற்றிய லென்ஸ்

கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடிக்கு 1961 ஜூலையில் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் கார் விபத்து. கண்ணாடித் துண்டு தெறித்து வலது கண்ணில் பார்வை போயிற்று. அப்போது அவருக்கு 20 வயது. தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் மேசையில் கொட்டியது என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சில மாதங்களிலேயே ஹைதராபாத்தில் இங்கிலாந்தின் எம்.சி.சி. அணிக்கு எதிரான ஆட்டத்தில் இறங்கினார். அடிபட்ட கண்ணில் கான்டாக்ட் லென்ஸ். பந்து வந்தபோது ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் இடையே ஆறேழு அங்குலம். உட்பக்கம் தெரிந்த பந்தை அடிப்பது என்று முடிவுசெய்து, தேநீர் இடைவேளைவரை 35 ரன் எடுத்தார். பிறகு லென்ஸைக் கழற்றிவிட்டு, கெட்ட கண்ணை மூடிக்கொண்டு ஆடி 70ஐத் தொட்டார்.

1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் அதே இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார். அவருடைய முதல் டெஸ்ட் சதம். இரண்டு மாதம் கழித்து 21 வயதில் இந்தியாவின் கேப்டன்.

ஒற்றைக் கண் வீரத்தின் கதையாகவே இதைப் பலமுறை சொல்லியாயிற்று. கண் மருத்துவத்தின் பக்கமிருந்து பார்த்தால், கதையின் மையம் கழற்றிய லென்ஸில் இருக்கிறது. ஒன்றோடொன்று சேராத இரண்டு பிம்பங்களைவிட ஒரே பிம்பம் மேல் என்று பட்டோடி முடிவெடுத்தார். வராந்தாவில் நின்ற சிறுவனின் மூளையும் இதே முடிவைத்தான் எடுத்தது. அவனிடம் கேட்காமல், இரண்டு மூன்று வயதிலேயே.

ப்ளஸ் பவர் குழந்தைகளிடம் இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைத் தசை இறுக்கிக் குவியத்தைச் சரிசெய்யும். கழுத்தில் நுகம் பூட்டிய இரட்டை மாடுபோல இரு கண்ணின் தசைகளும் ஒரே அளவில்தான் இறுகும். வலது கண்ணுக்குத் தேவை அரை டயாப்டர், இடது கண்ணுக்கு நாலரை. வலது கண் தெளிவானதும் இறுக்கம் நின்றுவிடும். இடது கண்ணுக்கு மிச்சம் நாலு டயாப்டர் மங்கல் எப்போதும் பாக்கி. தூரத்தில் பார்த்தாலும் சரி, கிட்டத்தில் பார்த்தாலும் சரி, அதற்குத் தெளிவு என்பது ஒரு கணமும் கிடைப்பதில்லை.

மைனஸ் பவரில் கதை சற்று மாறும். ஒரு கண் பூஜ்யம், இன்னொன்று மைனஸ் 3 என்றால், முதல் கண் தூரத்தைப் பார்க்கும், இரண்டாவது புத்தகத்தைப் பார்க்கும். இரண்டுக்கும் வேலை இருப்பதால் இரண்டும் பிழைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் 15ஆவது அதிபர் ஜேம்ஸ் புக்கானனுக்கு ஒரு கண் கிட்டப்பார்வை, மற்றது தூரப்பார்வை. யாரிடம் பேசினாலும் தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்பார். எதிரே இருப்பவருக்கு அது பணிவாகத் தோன்றியது. ‘அறுபது வயசாச்சு, இன்னும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறார்’ என்று பெருமை பேசப்படும் தாத்தாக்களிலும் ஒரு சிலர் இந்த ரகம்தான். ஒரு கண்ணை மூடச் சொன்னால் பேப்பர் மறையும், மற்றதை மூடச் சொன்னால் எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை மறையும். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் மைனஸ் 7, 8 என்று ஏறிவிட்டால் அந்தக் கண்ணும் வேலையிழந்துவிடும்.

மூளை கைவிட்ட கண்

டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் 1963இல் வெளியிட்ட பரிசோதனை இந்த விஷயத்தின் அடித்தளம். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் நலமாக இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. இடத்தைப் பெரும்பாலும் மறு கண் பிடித்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே காலம் மூடிவைத்தபோது எந்தப் பாதிப்பும் இல்லை. பார்வையை மூளை கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு என்று நிறுவிய இந்தப் பணிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால்தான் வராந்தாச் சிறுவனுக்கு +4.50 கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாலும் இடது கண் உடனே தெளிவதில்லை. லென்ஸ் கூர்மையான பிம்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. சோம்பேறிக் கண் என்று வழங்கும் ஆம்ப்ளியோபியா இதுதான். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. மாறுகண்ணும், பிறவிப் புரையும்கூட இதற்குக் காரணமாகலாம். அவை வெளியே தெரியும், பாட்டியே கண்டுபிடித்துவிடுவார். பவர் வித்தியாசத்தை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

பெயர்தான் கொஞ்சம் அநியாயம். சோம்பேறி என்றதும் குழந்தையின் குணத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கிறது. பொன்னாங்கண்ணிக் கீரையையும் கேரட்டையும் கொடுத்தால் சுறுசுறுப்பாகிவிடும் என்ற நம்பிக்கையும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கீரை உடம்புக்கு நல்லது, வைட்டமின் ஏ குறைவைத் தடுக்கும். ஆனால் பவர் என்பது பெரும்பாலும் கண்விழியின் நீளக் கணக்கு. சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுள்ள விழியில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ ஏறத்தாழ 3 டயாப்டர் மாறிவிடும். கீரை விழியை நீட்டாது, குறுக்காது.

மருந்து எளியதுதான். 1743இலேயே பிரெஞ்சு இயற்கை அறிஞர் புஃபோன், மாறுகண்ணுக்குக் காரணம் இரு கண்ணின் திறனும் சமமில்லாததே என்று வாதிட்டு, வலுவான கண்ணை மூடி வைத்தால் மற்றது தேறும் என்றார். 280 ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை. மாறியது அளவு. அமெரிக்காவில் குழந்தைகள் கண் மருத்துவர்கள் கூட்டாக நடத்திய தொடர் ஆய்வுகள் பழைய கண்டிப்புகள் பலவற்றைத் தளர்த்தின. நடுத்தரப் பாதிப்புக்கு, நாளுக்கு 2 மணி நேரம் நல்ல கண்ணை மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஒரே பலனைத் தந்தன என்று 2003இல் தெரிந்தது. நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைத் தற்காலிகமாக மங்கலாக்கினாலும் ஏறக்குறைய அதே பலன். 2006இல் வந்த முடிவு இன்னும் ஆறுதலானது: பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பேறிக் கண் உள்ள குழந்தைகளில் நாலில் ஒரு பங்குக்குச் சரியான கண்ணாடியைத் தொடர்ந்து போட்டதிலேயே குறை முழுதும் தீர்ந்தது. கண்ணை மூடும் பேட்ச்சே தேவைப்படவில்லை.

வீட்டில் இது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. “தெரியுற கண்ணைப் போய் மூடச் சொல்றீங்களே டாக்டர்?” என்று அப்பா கேட்பார். மூடியதும் குழந்தை அழும், சுவரில் இடிக்கும், பேட்ச்சைப் பிய்த்து எறியும். கல்யாணத்துக்குப் போகும்போது கழற்றிவிடுவார்கள், மறுநாள் போட மறந்துவிடும். எதற்காக மூடுகிறோம் என்பதைப் பெற்றோருக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் இந்தத் தடுமாற்றம் பாதியாகக் குறையும். நெரிசல் மிகுந்த வெளிநோயாளிப் பிரிவில் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

‘ஏழு வயசு தாண்டிட்டா ஒன்னும் பண்ண முடியாது’ என்று கைகழுவும் பழக்கமும் மாற வேண்டும். 7 முதல் 12 வயதுவரை உள்ளவர்களில் பேட்ச்சும் சொட்டும் கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்னேறினார்கள் என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண் உள்ளவர். 48ஆவது வயதில் பயிற்சியின் மூலம் முதன்முறையாக ஆழத்தை உணர்ந்தார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 2006இல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரை உலகப் புகழ்பெற்றது. ஆனாலும் அப்படிப்பட்டவர்கள் விதிவிலக்குகள். வயது குறைவாக இருக்கும்போது தொடங்குவதே எப்போதும் எளிது.

கண்ணாடிக் கடையில் நடப்பது

கண்டுபிடித்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மைனஸ் லென்ஸ் பொருளைச் சிறிதாக்கும், ப்ளஸ் பெரிதாக்கும். ஒவ்வொரு டயாப்டருக்கும் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம். இரண்டு கண்ணுக்கும் நாலு டயாப்டர் வித்தியாசம் என்றால் ஒரே கதவு ஒரு கண்ணுக்கு ஐந்து சதவீதம் பெரிதாகத் தெரியும். அளவு மாறிய இரண்டு கதவுகளை ஒன்றாக ஒட்ட மூளை படாதபாடு படும். தலை சுற்றும், தரை சரிவாகத் தோன்றும். இந்தக் கோளாறுக்கு அனைசைகோனியா என்று 1932இல் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் 1947வரை இயங்கியது.

புத்தகத்தைப் படிக்கக் கண்ணைக் கீழே இறக்கினால் இன்னொரு தொல்லை. லென்ஸின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகிப் பார்த்தாலே அது பட்டகம்போல வேலை செய்து பிம்பத்தை நகர்த்தும். இரண்டு லென்ஸும் வேறு வேறு பவர் என்பதால் நகர்த்தும் தூரமும் வேறு. ஒரு வரி மேலேயும் அதே வரி சற்றுக் கீழேயுமாகத் தெரியும். பக்கவாட்டில் விலகிய பிம்பங்களைக் கண்கள் உள்ளே வெளியே அசைந்து சேர்த்துவிடும். மேல் கீழ் விலகலைச் சேர்க்கும் சக்தி மிகக் குறைவு. இப்படிப்பட்டவர்கள் கண்ணை இறக்காமல் தலையையே குனிந்து படிக்கப் பழகிவிடுவார்கள்.

சிறு குழந்தைகள் இந்த வித்தியாசத்தை ஆச்சரியப்படும்படி ஏற்றுக்கொள்கிறார்கள். முழு பவரும் போட்ட கண்ணாடியுடன் ஒரு வாரத்தில் ஓடி விளையாடுவார்கள். சிரமப்படுவது பெரியவர்கள்தான். அவர்களுக்குக் கான்டாக்ட் லென்ஸ் நல்ல வழி. கருவிழியின் மேலேயே உட்காருவதால் அளவு வித்தியாசம் வெகுவாகக் குறையும், கண் திரும்பினால் லென்ஸும் கூடவே திரும்பும். இதைச் சொல்லாமல், ‘ரொம்ப வித்தியாசமா இருக்கு சார், கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தர்றோம்’ என்று கடையிலேயே பவரைத் திருத்திக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவருக்கு அது சில சமயம் பொருந்தலாம், அதையும் பரிசோதித்தவர்தான் முடிவுசெய்ய வேண்டும். குழந்தைக்கு அது சிகிச்சையையே நிறுத்துவதற்குச் சமம்.

குழந்தைக்கு முதல் கண்ணாடியைக் ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ சீட்டை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு. சிறு பிள்ளைகளின் கண் தசை வலுவானது. மெஷினுக்குள் பார்க்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருந்தால், ஒளிந்திருக்கும் ப்ளஸ் பவர் வெளியே வராது. சொட்டு மருந்து விட்டு, தசையைத் தளர்த்தி, கண்மணியை விரித்துப் பார்த்தால்தான் உண்மைக் கணக்கு கிடைக்கும். மறுநாள் மறுபடி வர வேண்டியிருக்கிறதே என்று பெற்றோர் சலித்துக்கொள்ளும் அந்தச் சொட்டுதான் சோதனையின் உயிர்.

நாற்பது தாண்டியவர்கள் நடைபாதையிலும் பேருந்து நிலையத்திலும் வாங்கும் ரெடிமேட் கண்ணாடிக்கும் இதில் பங்கு உண்டு. அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர். இரு கண்ணும் ஏறக்குறைய சமமாக உள்ளவருக்கு அது போதும். வித்தியாசம் உள்ளவர் போட்டால் ஒரு கண் மட்டும் படிக்கும். படிக்க முடிகிறது என்பதாலேயே மருத்துவரிடம் போவதும் தள்ளிப்போகும்.

ஒரு கண் முடிந்தது, இன்னொன்று எப்போது?

முதியவர்களிடம் இந்த ஏற்றத்தாழ்வைச் சில நேரம் சிகிச்சையே உண்டாக்குகிறது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்காத காலத்தில், ப்ளஸ் 10 அளவுக்குத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். உலகம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணுக்கு மட்டும் அறுவை நடந்து, மறு கண் நன்றாக இருந்தால் அந்தக் கண்ணாடியைப் போடவே முடியாது. ஹெரால்டு ரிட்லி லண்டனில் 1949இல் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்தது இந்தத் தலைவலிக்கு வழிகாட்டியது. அந்த லென்ஸை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் தயாரிக்க 1992இல் மதுரையில் அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப் தொடங்கியது. முகாம்களில் சோடாபுட்டி காணாமல் போனதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பழைய சிக்கல் வேறு உருவில் இன்னும் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் இரண்டு கண்ணிலும் மைனஸ் 8 போட்டவருக்கு ஒரு கண்ணில் புரை அறுவை செய்து பவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், மறு கண் மைனஸ் 8லேயே நிற்கும். பழைய கண்ணாடியும் உதவாது, புதுக் கண்ணாடியும் சேராது. இரண்டாவது அறுவை ஒரு வருடம் தள்ளிப்போனால் அந்த ஒரு வருடமும் படிக்கட்டில் கால் தடுமாறும், காபி ஆற்றினால் டவராவுக்கு வெளியே விழும். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லி, இரண்டாவது கண்ணுக்கும் தேதி குறித்து அனுப்புவதுதான் முறை.

வேண்டுமென்றே வித்தியாசம் வைக்கும் முறையும் இருக்கிறது. ஆதிக்கக் கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைத்து, கண்ணாடியே இல்லாமல் வாழ வழிசெய்வார்கள். மோனோவிஷன் என்று பெயர். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கும் தாத்தாவின் இயற்கை ஏற்பாட்டை மருத்துவர் செய்கிறார், அவ்வளவே. பலருக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆழ உணர்வு கொஞ்சம் குறையும் என்பதால், இரவில் வண்டி ஓட்டுபவர்களும் நுண்ணிய கைவேலை செய்பவர்களும் முதலில் கான்டாக்ட் லென்ஸில் சில நாள் பழகிப் பார்ப்பது நல்லது.

இரண்டு கட்டங்கள்

1819இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று இன்று எழும்பூரில் இருக்கிறது. மதுரையும் சென்னையும் கண் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர்கள். பள்ளி மாணவர்களுக்கு அரசே பரிசோதனை நடத்தி இலவசக் கண்ணாடி கொடுக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போக வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பார்வைக் குறைபாடும் இருக்கிறது. ஆகவே புதுத் திட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கிற திட்டத்தில் ‘பார்வை’ என்ற ஒற்றைச் சொல்லை ‘வலது கண் பார்வை, இடது கண் பார்வை’ என்று பிரித்தால் போதும்.

மூன்று நான்கு வயதுக் குழந்தை எழுத்து படிக்குமா, ஒத்துழைக்குமா என்று கேட்கலாம். படம் உள்ள அட்டைகள் உண்டு. வீடு, ஆப்பிள் என்று குழந்தை பெயர் சொல்ல வேண்டும், அல்லது கையில் உள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று சில விநாடிகளில் இரு கண்ணின் பவரையும் மதிப்பிடும் கைக்கருவிகளும் வந்துவிட்டன. சந்தேகத்தின் பேரில் நிறையப் பிள்ளைகள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு நெரிசல் கூடும் என்ற கவலையும் நியாயமானதே. முதல் ஆண்டுகளில் அது நடக்கத்தான் செய்யும். ஸ்வீடன் நான்கு வயதுப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் சோதிக்கத் தொடங்கியபின், கடுமையான சோம்பேறிக் கண் நூற்றுக்கு இரண்டு பேர் என்ற நிலையிலிருந்து ஆயிரத்துக்கு இரண்டு பேராகக் குறைந்தது. பிரிட்டனிலும் நான்கு, ஐந்து வயதில் ஒரு சோதனை செய்யப் பரிந்துரை இருக்கிறது. அந்த அனுபவத்தோடு ஒப்பிட்டால் கூடுதல் நெரிசல் தாங்கக்கூடிய செலவுதான்.

சோதனையில் மாற வேண்டியது ஒரு சின்ன விஷயம்: உள்ளங்கையை நம்பக் கூடாது. மூடும் கண்ணின் மேல் ஒட்டும் துணியையோ பேட்ச்சையோ ஒட்ட வேண்டும். இரண்டாவது கண்ணுக்கு அட்டையைத் திருப்பி, வேறு வரிசையைக் காட்ட வேண்டும். முதல் கண்ணைவிட இரண்டு வரி குறைவாகப் படித்தாலே, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே ‘பாஸ்’ ஆனாலும், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி விதியை ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் பயிற்சி போதும்.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. குழந்தை பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது விளையாட்டாக ஒரு கண்ணை மூடிப் பார்க்கலாம். எந்தக் கண்ணை மூடினாலும் பேசாமல் இருந்தால் சரி. ஒன்றை மூடும்போது சும்மா இருந்து, மற்றதை மூடும்போது கையைத் தட்டிவிட்டு அழுதால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது பரிசோதனைக்கு மாற்று இல்லை, போகத் தூண்டும் ஒரு குறிப்பு மட்டுமே.

எல்.கே.ஜி. சேர்க்கை விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரத்த வகை, தடுப்பூசி விவரம் எல்லாம் கேட்கிறார்கள். அதே தாளில் வலது கண், இடது கண் என்று இரண்டு கட்டங்கள் சேர்த்து, பரிசோதித்தவரின் கையெழுத்தும் தேதியும் கேட்கலாம். பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த சேர்க்கைக் காலத்திலேயே தொடங்கிவிட முடியும். காலியான கட்டத்தோடு வரும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, முதல் பருவம் முடிவதற்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டியது பள்ளியின் பொறுப்பாக இருக்கட்டும்.